யானைக்கால்: விரலிடுக்கில் இருக்கிறது வைத்தியம்

யானைக்கால் வந்தவரின் பிழைப்பைக் கெடுப்பது வீக்கத்தைவிட, ஆண்டுக்குச் சில தடவை வந்து போகும் காய்ச்சல்தான். தொடை இடுக்கில் நெறி கட்டும், குளிர் நடுக்கும், கால் சிவந்து கொதிக்கும். நாலைந்து நாள், சிலருக்கு ஒரு வாரம், கூலி போகும். ஒவ்வொரு தடவையும் கால் முன்பைவிடச் சற்றுத் தடித்தே நிற்கும். 2000-இல் உலக அளவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது 12 கோடிப் பேருக்குத் தொற்று இருப்பதாக மதிப்பிட்டார்கள். கைகால் வீக்கம் சுமார் 1.5 கோடிப் பேருக்கு, விரைவீக்கம், அதாவது விதைப்பையில் நீர் கோத்து வீங்குவது, 2.5 கோடி ஆண்களுக்கு.

சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கொண்டுவரும் புழு, உடலில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களில் 6 முதல் 8 ஆண்டுகள் குடியிருந்து அவற்றைப் பாழாக்குகிறது. வடிகால் கெட்ட காலில் நீர் தேங்கும். கிருமி நுழைந்தால் எளிதில் பரவும். நுழையும் வாசல் சேற்றுப்புண், பித்தவெடிப்பு, நகம் வெட்டும்போது பட்ட கீறல். அந்த வாசலை அடைப்பதுதான் வேலை.

தினமும் இரண்டு வேளை கழுவுவது நல்லது. முடியாவிட்டால் படுக்கப்போகும் முன் ஒரு வேளை கட்டாயம். வேண்டியவை: அகலமான பேசின், குவளை, வாசனை அதிகமில்லாத சாதாரண சோப்பு, மெல்லிய பருத்தித் துணி இரண்டு. சாதாரணத் தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம். முதலில் நல்ல வெளிச்சத்தில் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிப்போயிருந்தால் அது பூஞ்சை. பிறகு முழங்காலிலிருந்து கீழ்நோக்கிச் சோப்பு போட்டு, மடிப்புகளுக்குள் விரலை விட்டுக் கழுவுங்கள். பிரஷ், பீர்க்கங்கூடு கூடவே கூடாது. அவை புதுக் கீறல் போடும். நுரை போய்த் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது அடுத்த படியில். ஈரத்தோடு விட்ட கால், கழுவாத காலைவிட மோசம். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்; துணியின் ஒரு முனையைத் திரித்து விரலிடுக்கிலும் மடிப்பிலும் நுழைத்து ஈரத்தை இழுங்கள். குனிய எட்டாதவருக்கு வீட்டில் ஒருவர் செய்துவிட வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தொட்டால் இந்த நோய் ஒட்டாது. காய்ந்தபின் பூஞ்சைக்கான களிம்பை இடுக்குகளில் மெல்லியதாகத் தடவுங்கள். புண் இருந்தால் மருத்துவர் தரும் கிருமிநாசினிக் களிம்பு.

உட்காரும்போது காலை ஸ்டூலில் நீட்டி, முழங்காலுக்கு அடியில் துணி மடித்து வையுங்கள். இரவில் கட்டிலின் கால்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தலாம். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். சுவரைப் பிடித்து நின்று குதிகாலை 10, 15 தடவை உயர்த்தி இறக்குங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். தேங்கிய நீரை மேலே தள்ளுவது ஆடுதசைதான். செருப்பு அகல வாருடன், அழுத்தாமல் இருக்கட்டும்.

காய்ச்சல் வந்தால் கணக்கு மாறும். பயிற்சியையும், வீக்கத்துக்குக் கட்டுப் போடுகிறவர்கள் அதையும் நிறுத்துங்கள். குளிர்ந்த ஈரத்துணி சுற்றி, காலை உயர்த்திப் படுத்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். சூடான ஒத்தடம், எண்ணெய் நீவல், பச்சிலைப் பற்று எல்லாம் தோலை மேலும் புண்ணாக்கும். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியா என்பதால் ஆன்டிபயாடிக் தேவைப்படும், மருத்துவரிடம் போங்கள். பிதற்றல், வாந்தி, ஒரு நாளில் தணியாத வலி என்றால் அன்றே மருத்துவமனை.

யானைக்கால் ஒழிப்புக்காக ஊரில் எல்லோருக்கும் கொடுக்கும் டிஇசி (டைஎத்தில்கார்பமசின்) மாத்திரை எதற்கு என்று கேட்பார்கள். அது வீங்கிய காலை வற்றவைக்காது. இரத்தத்தில் உள்ள குஞ்சுப்புழுக்களைக் கொன்று, கொசு வழியாக அடுத்தவருக்குப் போகாமல் தடுக்கும். 15 வயது முதல் 300 மி.கி., 6 முதல் 14 வரை 200, 2 முதல் 5 வரை 100, கூடவே குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல். வெறும் வயிற்றில் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் கொடுப்பதில்லை. விழுங்கியபின் லேசான காய்ச்சலோ தலைவலியோ வந்தால் அது பெரும்பாலும் உள்ளே புழு சாவதன் அடையாளம். விரைவீக்கத்துக்கு மாத்திரையும் கழுவலும் உதவாது. அதற்கு அறுவை சிகிச்சைதான்.