தைப்பூசமும் ஓட்டப்பந்தயமும் ஒரே நாளில் வந்தால்

தைப்பூசம் தை மாதத்துப் பூச நட்சத்திரத்தைப் பார்த்து வருவது; ஓட்டப்பந்தயங்களோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வைக்கப்படுபவை. சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டில் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதால், இவ்விரண்டும் ஒரே நாளில் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையதாகிறது. 2024இல் பூசம் வியாழக்கிழமையும் 2025இல் செவ்வாய்க்கிழமையும் வந்ததால் ஓடுபவர்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. ஆனால் 2023 பிப்ரவரி 5, 2026 பிப்ரவரி 1 ஆகிய இரண்டுமே ஞாயிற்றுக்கிழமைகள். ஆகவே, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடக்கும் எந்த ஓட்டத்துக்கும் கட்டணம் செலுத்துவதற்கு முன் வீட்டு நாட்காட்டியில் பூசம் என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள். 2027இல் அது ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. அந்த வார இறுதியில் ஓட நினைப்பவர்களும் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்; வெறுங்காலில் நடந்த பாதங்கள் ஒரே இரவில் தேறிவிடுவதில்லை.

நாள் மோதுகிறது என்று தெரிந்த பிறகு முதலில் முடிவுசெய்ய வேண்டியது, நீங்கள் எந்த நேர்த்திக்கடனைச் செலுத்தப் போகிறீர்கள் என்பதுதான். அலகு குத்திக் காவடி எடுப்பவர்கள் அன்றைக்கு மட்டுமன்று, அந்த வாரமே ஓடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உடலில் குத்திய இடங்களில் வியர்வையும் உராய்வும் படுவது நல்லதன்று. தோளும் இடுப்பும் தாங்கிய பாரம் ஆறுவதற்கும் நாள் ஆகும். பால்குடம் எடுப்பவர்கள் கவனமாக இருந்தால் இரண்டையும் செய்யலாம், ஆனால் 10 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அரை நெட்டோட்டத்துக்கு (21 கிலோமீட்டர்) பதிவு செய்திருந்தால், தூரத்தைக் குறைத்துக்கொள்ள ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். பந்தயம் அடுத்த மாதமும் வரும், பூசத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை பால்குடம் செல்லும் பாதை 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஓடிப் பழகியவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை என்று தோன்றும். அந்த எண்ணம்தான் ஏமாற்றுகிறது. இந்தத் தூரத்தைத் தலையில் குடத்துடன், காலணி இல்லாமல், கூட்டத்தின் வேகத்தில், இடையிடையே நெடுநேரம் நின்று நின்று கடக்க வேண்டும். ஓட்டத்தில் களைத்த கால்களுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கடினம்.

எது முதலில் என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் நாள் நள்ளிரவையொட்டியே பால்குடங்கள் புறப்படத் தொடங்கிவிடும். சாலை குளிர்ந்திருக்கும் அந்த நேரம் பாதங்களுக்கு நல்லதுதான். ஆனால் அப்போது எடுத்தால் உறக்கமே இல்லாமல், கொப்புளம் கண்ட காலைக் காலணிக்குள் திணித்துக்கொண்டு விடியற்காலையில் ஓட வேண்டியிருக்கும். அதனால் ஓட்டத்தை முதலில் முடித்துக்கொண்டு, பால்குடத்துக்குக் கிடைக்கும் நேரங்களுள் வெயில் தாழ்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சரி என்று நினைக்கிறேன். பிப்ரவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் உதிக்க ஏறத்தாழ 7.15 மணி ஆகும். 6 மணிக்குத் தொடங்கும் ஓட்டம் என்றால் பெரும்பகுதியை இருட்டிலேயே முடித்துவிடலாம். அன்று நேரத்தைக் குறைக்க முயல வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகம் போதும்.

நான் 2023இல் இதே வரிசையில்தான் செய்தேன். வரிசை சரியாக இருந்தது, காலணி தவறாகிவிட்டது. வாங்கி ஒரு வாரமே ஆன காலணியில் 10 கிலோமீட்டர் ஓடியதில் இடது குதிகாலின் உள்பக்கம் இருபது காசு அளவுக்கு ஒரு கொப்புளம். பிற்பகல் இரண்டு மணிக்குச் சிராங்கூன் சாலையின் தார் எரிந்துகொண்டிருந்தது. சிலிகி சாலையை அடைவதற்குள் கொப்புளம் உடைந்துவிட்டது. பக்கத்தில் வந்த ஒரு பெரியவர் என் நடையைப் பார்த்துவிட்டு, “தம்பி, வெள்ளைக் கோட்டு மேல நடங்க, சூடு குறைவா இருக்கும்” என்றார். உண்மைதான். கறுத்த தார் வெயிலை உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளைச் சாயம் அதைத் திருப்பிவிடும். அந்த ஒரு வாக்கியம் அன்று என்னைக் கோயில் வரை கொண்டுசேர்த்தது.

ஆகவே பாதங்களைத் தயார்செய்யுங்கள். விரதம் தொடங்கும் நாளிலிருந்தே, வாரத்தில் மூன்று நான்கு நாள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்திலும் அதைச் சுற்றியுள்ள நடைபாதையிலும் பத்து நிமிடம் வெறுங்காலில் நடந்து, மெல்ல மெல்ல அரை மணி நேரமாக உயர்த்துங்கள். கால் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். பந்தயத்துக்குப் பழகிய காலணியையே அணியுங்கள். விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் களிம்பு தடவிக்கொண்டால் உராய்வு குறையும். ஆனால் பால்குடத்துக்குப் புறப்படும் முன் அதைச் சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் நனைந்த சாலையில் கால் வழுக்கும். கழுத்துக்கும் பயிற்சி தேவை: தண்ணீர் நிரப்பிய குடத்தை வீட்டுக்குள்ளேயே தலையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்று பாருங்கள்.

விரத உணவைப் பொறுத்தவரை, ஒரு வேளை மட்டும் உண்பவர்கள் முதல் நாள் அந்த வேளையை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சோறும் பருப்பும் தயிரும் வயிற்றில் இருந்தால் விடியற்காலையில் தலை சுற்றாது. பழமும் பாலும் விரதத்துக்கு உட்பட்டவை என்று கருதும் குடும்பமானால், ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு கரண்டி பஞ்சாமிர்தமோ போதும். வாழைப்பழம், வெல்லம், பேரீச்சம்பழம், தேன் எல்லாம் சேர்ந்த அதைவிட நல்ல ஓட்ட உணவை நான் கண்டதில்லை. வீட்டு வழக்கம் எது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். உப்பில்லா விரதம் இருப்பவர்கள் ஓடவே வேண்டாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் வெளியேறும்; வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி மயக்கம் வரலாம். பந்தயத்தில் தரும் மெல்லும் இனிப்புகளை உறையைப் படிக்காமல் வாயில் போடாதீர்கள். சிலவற்றில் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

ஓடி முடித்ததும் பதக்கத்துடன் படம் எடுத்துக்கொண்டு நின்றுவிடாமல் நேராக வீட்டுக்குப் போய்விடுங்கள். தலைக்குக் குளித்து, சுவரில் கால்களை உயர்த்தி வைத்து இருபது நிமிடம் படுத்தால் வீக்கம் குறையும். முடிந்தால் இரண்டு மணி நேரம் உறங்குங்கள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை வேண்டாம். கொப்புளம் இருந்தால் உடைக்காமல், மருந்துக்கடையில் கிடைக்கும் தடித்த கொப்புள ஒட்டியை ஒட்டிக்கொள்ளுங்கள். பெருமாள் கோயிலுக்கு ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்குவதே எளிது. அன்று சாலைத் தடங்கள் மூடப்பட்டிருக்கும் என்பதால் டாக்சியை நம்ப வேண்டாம். வழியில் தண்ணீர் கொடுப்பார்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் வாங்கிக் குடியுங்கள்.

செருப்பைப் பற்றியும் முன்பே யோசித்துவிடுங்கள். நீங்கள் புறப்படும் இடம் ஒரு கோயில், பால் சேரும் இடம் மற்றொரு கோயில். பெருமாள் கோயில் வாசலில் கழற்றி வைத்தால் அதை எடுக்க மீண்டும் 3 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். வீட்டில் ஒருவரிடம் பட்டை அகலமான மெத்துச் செருப்பையும், ஒரு துண்டையும், கால் கழுவ ஒரு போத்தல் தண்ணீரையும் கொடுத்து, ஃபோர்ட் கெனிங் நிலையம் வழியாக டேங்க் ரோட்டுக்கு வந்து காத்திருக்கச் சொல்லுங்கள்.