காட்டுயிர் வாழிட வரைபடம்: எங்கெங்கே பிசகுகிறது?

செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவதையெல்லாம் காடு என்று குறித்துவிடுவதுதான் பெரும்பிழை. செடிகொடிகளின் பசுமையைக் கணிக்கும் என்டிவிஐ குறியீடு சிவப்பு ஒளியும் அண்மை அகச்சிவப்பு ஒளியும் எவ்வளவு திரும்பி வருகின்றன என்பதை மட்டுமே பார்க்கிறது. அடர்ந்த தைலமரத் தோப்புக்கும் இயற்கைக் காட்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பு வரும். மான் மேயும் புல்வெளியோ கோடையில் காய்ந்து தரிசாகப் பதிவாகும். அதனால் மழைக்காலம், வறட்சிக்காலம் இரண்டின் படங்களையும் சேர்த்துப் பாருங்கள். வருடங்களை ஒப்பிடும்போது மாதம் மாறக் கூடாது. மாறினால் இலையுதிர்வுகூடக் காடழிப்பாகத் தெரியும். காடு, புல்வெளி, வயல் என்று நிலவகை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 இடங்களையாவது நேரில் சரிபார்க்க வேண்டும். இந்த வகைகளை அடையாளம் காணக் கணினிக்குப் பயிற்சி கொடுத்த அதே புள்ளிகளை வைத்துச் சோதித்தால் வரும் துல்லியத்தை நம்பவே கூடாது.

அடுத்தது பிக்சல் அளவு, அதாவது படத்தின் ஒரு கட்டம் தரையில் எவ்வளவு இடத்தைக் குறிக்கிறது என்பது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் 30 மீட்டர். ஓடையோரம் 15 மீட்டர் அகலத்தில் ஓடும் மரவரிசை, பக்கத்து வயலோடு கலந்து வயலாகவே பதிவாகும். விலங்குகள் தினமும் கடக்கும் வழித்தடம் வரைபடத்தில் அறுந்து நிற்கும். அங்கே வேலி போட அனுமதியும் கிடைத்துவிடலாம். இப்படிப்பட்ட இடங்களுக்குச் சென்டினல்-2 செயற்கைக்கோள் தரும் 10 மீட்டர் படமும் போதாது, ட்ரோன் படமோ நேரடி அளவீடோ தேவை.

பரப்பளவில் ஏமாறுவது எளிது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும் வரைபட அடுக்கை, பூமியின் வளைவைப் பார்க்காத தளக்கணக்கில் அப்படியே அளந்தால் விடை சதுர டிகிரியில் வரும்: நிலநடுக்கோட்டருகே 10 சதுர கிலோமீட்டர் காடு 0.0008 என்று காட்டும். இதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். வளைந்த பூமியைத் தட்டையாக வரையும் முறைக்கு வீழல் என்று பெயர்; இணைய வரைபடங்களில் வரும் வெப் மெர்கேட்டர் வீழலில் அளந்தால் வரும் எண் நம்பும்படியாகவே இருக்கும், ஆனால் 60 டிகிரி அட்சரேகையில் அது உண்மையைப்போல் 4 மடங்கு. பரப்பளவைச் சரியாகக் காட்டும் சமபரப்பு வீழலுக்கு மாற்றிய பிறகே அளக்கவும்.

விலங்கைப் பார்த்த புள்ளிகள் பெரும்பாலும் சாலையோரம்தான் குவியும், ஆட்கள் போகும் வழி அதுதானே. அதனால் 'தேடியும் இல்லை' என்பதையும் 'தேடவே இல்லை' என்பதையும் தனித்தனியாகப் பதியுங்கள்; நடந்த தடம், தூரம், நேரம் மூன்றும் கூடவே இருக்கட்டும்.

கூடு, குகை இருக்கும் துல்லிய இடத்தை வெளியிடுவது வேட்டைக்காரருக்கு வழிகாட்டுவதாகும். பொதுப் பிரதியில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை 0.1 டிகிரிக்கு, அதாவது சுமார் 11 கிலோமீட்டருக்கு, தோராயமாக்குங்கள். புகைப்படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலையும், 'சுனைக்கு மேற்கே இரண்டாம் பாறை' போன்ற குறிப்புகளையும் மறக்காமல் நீக்குங்கள்.