ஊர் நடுவே ஓர் அறை, 18 படங்கள்: விழிப்புணர்வுப் புகைப்படக் காட்சி வைப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் படம் எடுக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கன்னியாகுமரி சூரிய உதயம், மாத்தூர் தொட்டிப்பாலம், தோவாளைப் பூச்சந்தை, திற்பரப்பு அருவி என்று போன் வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒரு தொகுப்பு இருக்கும். அதே கையால் ஆகாயத்தாமரை மூடிய குளத்தையும், அலை அரித்துப்போன தெருவையும், ஏற ஆளில்லாமல் நிற்கும் பனையையும் எடுத்து ஊருக்குள்ளேயே மாட்டிவைத்தால் எவ்வளவோ பேசலாம். அதற்குப் பெரிய கலைக்கூடம் வேண்டாம். ஓர் அறை, 18 படங்கள், கூட நிற்க நாலு பேர் போதும். முதல்முறை செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காட்சியின் முதல் பார்வையாளர், படத்தில் இருக்கும் ஆள்தான். அவர் தன் வீட்டாரோடு வந்து தன் படத்தின் முன்னால் கூச்சமில்லாமல் நிற்க முடிய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதை ஒட்டியவைதான்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

‘சுற்றுச்சூழல்’, ‘மது ஒழிப்பு’ போன்ற தலைப்புகள் ஓர் அறைக்குள் அடங்காது. ‘எங்கள் குளத்துக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை?’ என்பது அடங்கும். கோதையாற்றின் குறுக்கே 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர், கால்வாய் வழியாகக் குளம் குளமாக இறங்கித்தான் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் விளைந்தன. நடுவில் ஒரு வாய்க்கால் அடைத்தால் போதும், கீழே இருக்கும் குளம் காயும். இந்த ஒரு வாய்க்காலைப் பற்றி மட்டுமே ஒரு காட்சி வைக்கலாம். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அந்தப் பெயர் கிடைக்காத ஊர்க்குளங்களுக்காகப் பேச அந்த ஊர்க்காரர்கள்தான் இருக்கிறார்கள்.

கடற்கரை ஊர்க்காரர் என்றால் கடல் அரிப்பைப் பற்றி வைக்கலாம். 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கி புயலில் தூத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்களைப் பற்றி முதல் காட்சியிலேயே எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. துக்கத்தைப் படம் பிடிக்க அனுபவமும், அந்த வீட்டோடு நீண்ட பழக்கமும் வேண்டும்.

இந்த விளக்கத்துக்குக் குளத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 2: என்னென்ன படம் வேண்டும்?

முதல் முறை கேமரா இல்லாமல் குளத்தைச் சுற்றி நடங்கள். யார் குளிக்கிறார்கள், யார் மாடு கழுவுகிறார்கள், வாய்க்கால் எங்கே நுழைகிறது, குப்பை எந்த மூலையில் விழுகிறது என்று பாருங்கள். டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அப்புறம் ஒரு தாளில் எழுதுங்கள்: முழுக் குளமும் தெரியும் தொலைவுப் படம், அதை நம்பி வாழும் ஆட்கள், அவர்கள் செய்யும் வேலை, அடைப்புக்கான காரணம், அதைச் சரிசெய்ய முயலும் யாராவது. கடைசியாகச் சொன்னது கட்டாயம் வேண்டும். சீரழிவை மட்டும் பார்த்துவிட்டு வெளியே போகிறவர் ‘என்ன செய்ய முடியும்’ என்று பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். மண்வெட்டியோடு நிற்கும் ஒருவரைப் பார்த்தால் ‘எப்போது வேலை, நானும் வரவா’ என்று கேட்பார்.

இதோடு பழைய படங்களையும் தேடுங்கள். பல வீட்டு ஆல்பங்களில் கல்யாணப் படமோ திருவிழாப் படமோ குளத்தங்கரையில் எடுத்ததாக இருக்கும். அதைச் சன்னல் வெயில் படாத நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல், மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையை நீக்கிப் படம் எடுங்கள். ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்தால் இன்னும் நல்லது. 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) செய்யச் சொல்லுங்கள். பிறகு அதே இடத்தில் நின்று இன்றைய படத்தை எடுங்கள். வீடுகள் மாறியிருக்கும், மரங்கள் போயிருக்கும், ஆனால் பின்னால் இருக்கும் மலை மாறியிருக்காது. பழைய படத்தில் மலை முகடும் கோவில் கோபுரமும் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்று பார்த்து, இடது வலது நகர்ந்து அதே அமைப்பு வரும்வரை தேடுங்கள். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு படங்களுக்கு முன்னால்தான் மக்கள் அதிக நேரம் நிற்பார்கள்.

படி 3: கேட்டு எடுங்கள்

1936-ல் அமெரிக்காவில் டோரதியா லாங் எடுத்த ஒரு படம் உலகம் முழுக்கத் தெரியும். பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில், பிள்ளைகள் தோளில் சாய்ந்திருக்க, கவலையோடு எங்கோ பார்க்கும் தாய். லாங் அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு போனது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போயிருந்தது. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவர் பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். உலகத்துக்கு நல்லது செய்த படம்கூடப் படத்தில் இருப்பவரை விட்டுவிடக்கூடும்.

அதனால் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். “அண்ணாச்சி, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்பது முதல் கேள்வி. “இதை நம்ம ஊர் ஹாலில் மாட்டலாமா?” என்பது இரண்டாவது. “போனில், இணையத்தில் போடலாமா?” என்பது மூன்றாவது. முதலாவதற்குச் சரி என்றவர் மூன்றாவதற்கு வேண்டாம் என்பார். அதை அப்படியே எழுதி வையுங்கள். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டி என்றால் சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவு செய்யலாம். எப்போது வேண்டுமானாலும் ‘எடுத்துவிடு’ என்று சொல்லலாம் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், பிள்ளைக்கும் விருப்பம் இருக்க வேண்டும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் முகம், பெயர், வீடு, பள்ளி என எதையும் வெளிப்படுத்த 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் தடை விதிக்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பின்னணியில் தெரியும் வீட்டுச் சுவரே ஊருக்குள் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: 18-க்குக் குறையுங்கள்

போன் திரையில் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டாம். நன்றாக வந்தவற்றை 4×6 அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள். அழகாக இருப்பதாலேயே உள்ளே வந்த சூரிய அஸ்தமனத்தையும் எடுத்துவிடுங்கள். தேர்வின்போது குளத்தை நம்பி வாழும் இரண்டு பேராவது கூட உட்கார வேண்டும். உங்கள் கண்ணுக்குப் படாதது அவர்கள் கண்ணுக்குப் படும்.

வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது சரி. குப்பையைக் கூட்டிக் காட்டுவதும், இல்லாத பறவையைச் சேர்ப்பதும் கூடவே கூடாது. ஊர்க்காரர்களுக்கு அந்த இடம் தெரியும். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற 17 படங்களையும் நம்ப மாட்டார்கள்.

படி 5: பிரிண்ட்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் 4000×3000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 200 புள்ளி இருந்தால் சுவரில் பார்க்கத் தெளிவாக இருக்கும். அந்தக் கணக்கில் 20×15 அங்குலம் வரை தைரியமாகப் போகலாம். ஆனால் ஒரு விஷயம்: கடைகளில் வழக்கமாகப் போடும் 12×18 தாளின் நீள அகலம் வேறு, போன் படத்தின் நீள அகலம் வேறு. அப்படியே கொடுத்தால் ஓரம் வெட்டுப்படும், சில சமயம் ஒருவரின் தலையே போகும். போன் படத்தை 12×16 அளவில் கேளுங்கள்.

பளபளப்பான தாள் வேண்டாம், மேட் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். டியூப்லைட் வெளிச்சம் படத்தில் எதிரொளித்தால் முகமே தெரியாது. பின்பலகையாகச் சன்போர்டு என்ற பிளாஸ்டிக் நுரைப் பலகையை ஒட்டித் தருவார்கள், விலை சதுர அடிக் கணக்கு. எங்கள் ஊர்ப்பக்க ஈரக்காற்றில் வெறும் தாள் சுருளும் என்பதால் இது நல்ல வழி. பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிய காட்சி என்றால் சன்போர்டும் ஃபிளெக்ஸும் பொருந்தாது. கெட்டி அட்டையிலோ துணியிலோ போடுங்கள்.

படி 6: படத்தின் கீழே எழுதுவது

‘மனிதனின் பேராசையால் அழியும் இயற்கை!’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ‘இந்த வாய்க்கால் வழியாகத்தான் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. இப்போது பாலத்துக்கு அடியில் குப்பை அடைத்திருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் பக்கத்துத் தெருவில் ஏறுகிறது. பிப்ரவரி, காலை 7 மணி’ என்று எழுதுங்கள். 40 சொற்களுக்குள் இருக்கட்டும். எழுத்தின் அளவு 20 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம், வயதானவர்களும் படிக்க வேண்டும். ஆளின் படம் என்றால் அவர் சொன்ன ஒரு வரியைப் போடுங்கள். முன்னதாக அவரிடமே வாசித்துக் காட்டிவிடுங்கள்.

யூனிகோடில் அடித்த தமிழ், பழைய எழுத்துரு வைத்திருக்கும் அச்சகக் கணினியில் உடைந்துபோகும். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

படி 7: இடமும் நாளும்

மக்கள் ஏற்கனவே வந்துபோகும் இடம்தான் நல்ல இடம்: நூலகம், தேவாலயத்தின் பங்குப் பேரவை ஹால், சமுதாய நலக்கூடம், பள்ளி வகுப்பறை, வாடகைக்கு ஆள் வராத கடை அறை. ஒரு சமூகத்தார் மட்டும் வரும் இடமாக இருக்கிறதா என்று யோசியுங்கள். குளம் எல்லோருக்கும் பொது என்றால் அறையும் எல்லோரும் தயங்காமல் ஏறிவரக் கூடியதாக இருக்க வேண்டும்.

நமக்கு இரண்டு பருவமழை. ஜூன் முதல் டிசம்பர் வரை ஈரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மார்ச் நடுவில் வைப்பது எனக்குப் பிடித்த யோசனை. குளம் வற்றத் தொடங்கும் காலம் அது, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ல் கிராம சபையும் கூடும். காட்சியைப் பார்த்துச் சூடாக இருக்கும் பேச்சு அப்படியே தீர்மானமாகப் போகலாம். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் நிறைய, அங்கே கிராம சபை கிடையாது. செயல் அலுவலரிடம் மனு கொடுங்கள், அல்லது திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள்.

படி 8: மாட்டுவது

ஆணி அடிக்கப் பெரும்பாலும் விட மாட்டார்கள். சன்னல் கம்பிக்குச் சன்னல் கம்பி கயிறு இழுத்துக் கட்டி, அதிலிருந்து தங்கூசி (நைலான் தூண்டில்) நூலில் தொங்கவிடுங்கள். இரட்டைப் பக்க டேப்பை நம்ப வேண்டாம், ஈரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக விழுந்துவிடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரியவர்களுக்கு வசதி. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் 120 போதும். சன்னலுக்கு நேர் எதிரே மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டினால் கண்கூச்சம் இருக்காது.

படி 9: திறப்பும் அதற்குப் பிறகும்

ரிப்பன் வெட்ட விருந்தினர் வரும் முன்னால், முந்தின நாள் சாயங்காலமே படத்தில் இருப்பவர்களைக் குடும்பத்தோடு அழையுங்கள். தேநீர் கொடுங்கள். யாருக்காவது தன் படம் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், கெஞ்ச வேண்டாம். காட்சி நடக்கும் நாட்களில் ஒருவர் எப்போதும் அறையில் இருந்து பேச வேண்டும். வாசல் பக்கம் ஒரு நோட்டு வையுங்கள், ‘நன்றாக இருந்தது’ என்று எழுதுவதற்கு அல்ல. ‘குளம் சுத்தம் செய்ய எந்த ஞாயிறு வர முடியும்?’ என்று மேலே எழுதி, பெயருக்கும் போன் நம்பருக்கும் கட்டம் போட்டு வையுங்கள். அந்த நோட்டு கூட்டத்தில் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள்.

முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவர் படத்தின் ஒரு பிரதியைக் கொடுங்கள். காட்சிப் படங்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் பழைய பருத்தித் துணி போட்டுக் கட்டுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள். அடுத்த ஊர்ப் பள்ளியிலிருந்து கேட்டு வந்தால், வெளியூரில் மாட்டச் சம்மதமா என்று படத்தில் இருப்பவர்களிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.