அந்தச் சுவர்த் துளையை அடைக்காதீர்கள்: பழைய கேஸ் ஃபயர் உள்ள வீட்டுக்குக் குடிவருபவர்களுக்கு

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் நமக்கு வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் பலவும் நூறு வயதைக் கடந்தவை. ஹாலில் பழைய புகைபோக்கிக்குக் கீழே, அறையைச் சூடாக்க ஒரு கேஸ் ஃபயர் இருக்கும். சில வீடுகளில் அதற்குப் பின்னால், சுவருக்குள் மறைந்தபடி, வெந்நீருக்கும் ரேடியேட்டருக்குமான பேக் பாய்லரும் இருக்கும். அதே அறையின் வெளிச்சுவரில் கம்பி போட்ட ஒரு துளை. நவம்பர் வந்ததும் அதன் வழியே குளிர்காற்று முகத்தில் அறையும். உடனே நம்மவர்கள் செய்வது, பழைய துணியைச் சுருட்டி அதில் திணிப்பது, அல்லது மேலே டேப் ஒட்டுவது.

அதை மட்டும் செய்யாதீர்கள். இயற்கை எரிவாயு ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறக்குறைய பத்துப் பங்கு காற்று வேண்டும். இந்தப் பழைய சாதனங்கள் அந்தக் காற்றை நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. சூடான புகை மேலே போகும்போது, போன அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். வர வழியில்லையென்றால் கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். மேலே போக வேண்டிய புகையும் அறைக்குள்ளேயே திரும்பும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

துளையின் அளவும் கண்டபடி வைத்ததல்ல. 7 கிலோவாட் வரையிலான சாதனத்துக்குப் பழைய வீட்டின் ஜன்னல், கதவு இடுக்குகளில் கசியும் காற்றே பொதுவாகப் போதும் என்று கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 5 சதுர செ.மீ. திறப்பு வேண்டும். 17 கிலோவாட் பேக் பாய்லர் என்றால் 50 சதுர செ.மீ. நிலக்கரி எரிவது போலத் தோற்றம் காட்டும் அலங்கார கேஸ் ஃபயருக்குத் தனிக்கணக்கு. வழக்கமாக 100 சதுர செ.மீ. இந்தக் கணக்கெல்லாம் எஞ்சினியர் வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டுக்காரர் புது டபுள் கிளேஸிங் (இரட்டைக் கண்ணாடி) ஜன்னல் போட்டு இடுக்குகளை அடைத்துவிட்டால், அந்தக் கசிவுக் காற்றும் குறைந்துவிடும். ஜன்னல் மாற்றிய வீட்டில் காற்றோட்டத்தை மறுபடி பார்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கைதான்.

சரி, குளிருக்கு என்ன செய்வது? துளையில் பொருத்த, உள்ளே வளைந்த தடுப்புகள் கொண்ட வென்ட் கிடைக்கிறது. வீசும் காற்றின் வேகத்தை அது உடைத்துவிடும்; தேவையான காற்றை மட்டும் அமைதியாக உள்ளே விடும். துளையைத் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி மாற்றினாலும் பலன் உண்டு. குளிர்காற்று அறைச் சூட்டோடு கலந்த பிறகுதான் நம்மை வந்து தொடும். எதுவானாலும் திறந்து மூடும் வகை கூடாது. பூச்சி வலையும் கூடாது, தூசி படிந்து அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தில் இலை, ஒட்டடை, பெயின்ட் அடைத்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். காசு செலவில்லாத வழி, சோபாவைக் காற்று படாத பக்கம் நகர்த்துவது, வென்ட்டை மறைக்காமல்.

நம் சமையலுக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. தாளிக்கும் நெடி போக எக்ஸ்ட்ராக்டர் ஃபேனை முழு வேகத்தில் ஓட விடுகிறோம். ஹாலும் சமையலறையும் சேர்ந்திருந்தால், அந்த ஃபேன் புகைபோக்கியிலிருந்தே புகையைக் கீழே இழுத்துவிடக்கூடும். அதனால் புகை சரியாக மேலே போகிறதா என்று பார்க்கும் சோதனையைக் கதவு ஜன்னலை மூடி, ஃபேனையும் ஓடவிட்டுச் செய்ய வேண்டும். எஞ்சினியர் அதைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், சங்கடப்பட வேண்டாம்.

வாடகை மிச்சம் பிடிக்க ஹாலையே படுக்கையறையாக்கும் பழக்கம் மாணவர் வீடுகளில் சகஜம். 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட, அறைக் காற்றை எடுக்கும் சாதனம் அங்கே இருக்கவே கூடாது. அதற்குக் குறைந்ததிலும் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு அமைப்பு வேண்டும். பேக் பாய்லர் உள்ள ஹாலில் யாரையும் படுக்கவிடாதீர்கள்.

1998-ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி வீட்டுக்காரர் தன் கேஸ் சாதனங்களை வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வைக்க வேண்டும். குடிவரும் முன்பே அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவருக்கு, சோதனை முடிந்து 28 நாளுக்குள் தர வேண்டும். சோதிக்க வருகிறவரின் கேஸ் சேஃப் ரிஜிஸ்டர் (கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடு) அட்டையைத் திருப்பிப் பாருங்கள்; எந்தெந்தச் சாதனத்தைத் தொடத் தகுதி என்று பின்பக்கம் இருக்கும். பழைய பதிவு அமைப்பான 'கோர்கி' (CORGI) ஆள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், 2009-லேயே அந்த இடத்துக்கு கேஸ் சேஃப் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், இப்படிப்பட்ட சாதனம் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் அலாரம் இருக்கிறதே என்று துளையை அடைக்க முடியாது.

நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகச் சோம்பி எரிந்தாலோ, சாதனத்தைச் சுற்றிக் கரி படிந்தாலோ, பற்றவைக்க எப்போதும் எரியும் சிறு பைலட் சுடர் அடிக்கடி அணைந்தாலோ அன்றே நிறுத்துங்கள். (அலங்கார ஃபயரில் மட்டும் சுடர் மஞ்சளாகத்தான் இருக்கும்.) வீட்டில் பலருக்கும் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்து, வெளியே போனதும் தெளிந்தால் அதைச் சளிக்காய்ச்சல் என்று தள்ளாதீர்கள். சாதனத்தை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறி 0800 111 999-ஐ அழையுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் அதே எண். யாராவது சுருண்டு விழுந்தால் 999. மருத்துவரிடம் கார்பன் மோனாக்சைடு சந்தேகத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை தாமதமானால் அந்த வாயுவின் தடயம் குறைந்துவிடும்.