பேனல் கம்பெனி கடையைக் கட்டினால் வாரன்டி என்ன ஆகும்? பலரும் செய்யும் தவறுகள்

சோலார் பேனல் வாங்கும்போது கையில் வரும் தாளில் 25 ஆண்டு என்று போட்டிருக்கும். இப்போது 30 என்றும் போடுகிறார்கள். தாளைக் கொடுத்தவர் அத்தனை காலம் தொழிலில் இருப்பாரா என்பது பற்றி அதில் ஒரு வரி கூட இருக்காது.

ஜெர்மனியின் கியூ-செல்ஸ் 2008-இல் உலகிலேயே அதிகம் சோலார் செல் செய்த நிறுவனம். 2012 ஏப்ரலில் திவால். சீனாவின் சன்டெக் 2011-இல் பேனல் உற்பத்தியில் முதலிடத்தில் இருந்தது. 2013 மார்ச்சில் அதன் முக்கியத் துணை நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. சோலார்வேர்ல்ட் 2017-இல் விழுந்தது, புதிய பெயரில் எழுந்தது, 2018-இல் மறுபடி விழுந்தது. எல்ஜி 2022-இல் பேனல் தொழிலையே விட்டது. அமெரிக்காவின் சன்பவர் 2024 ஆகஸ்டில் திவால் மனு போட்டது. இவற்றில் ஒன்றும் ஊர் பேர் தெரியாத கம்பெனி இல்லை. "பெரிய பிராண்டு, பயமில்லை" என்ற நினைப்புதான் முதல் தவறு.

அதற்குத் துணையாக "டயர் 1 பேனல் சார்" என்று விற்பனையாளர் சொல்லுவார். டயர் 1 என்பது புளூம்பெர்க் என்இஎஃப் என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் வெளியிடும் பட்டியல். அந்தத் தயாரிப்பாளரின் பேனலைப் போட்ட பெரிய திட்டங்களுக்கு வங்கிகள் கடன் கொடுத்திருக்கின்றனவா என்றுதான் அதில் பார்க்கிறார்கள். பேனலின் தரத்தையோ, கம்பெனியின் ஆயுளையோ அது அளப்பதில்லை. பட்டியல் போடுபவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். விற்பவர்கள் மட்டும் சொல்வதில்லை.

எப்படிப் போனார்கள் என்று பாருங்கள்

கம்பெனி "போய்விட்டது" என்று செய்தி வந்ததும், வாரன்டியும் போச்சு என்று முடிவுகட்டி விடுகிறவர்கள் பலர். போவதில் பல விதம் உண்டு. உங்கள் நிலைமை அந்த விதத்தைப் பொறுத்தது.

எல்ஜி தொழிலின் ஒரு பிரிவைத்தான் மூடியது. தாய் நிறுவனம் உயிரோடு இருக்கிறது, ஏற்கெனவே விற்ற பேனல்களின் வாரன்டியைத் தொடர்ந்து மதிப்போம் என்று அறிவித்தும் இருக்கிறது. பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி 2011 இறுதியில் சோலாரை விட்டதும் இதே வகைதான். இங்கே கடமையை ஏற்க ஆள் இருக்கிறார். ஆனால் ஒன்று: தொழிற்சாலை நின்ற பிறகு அதே மாடல் பேனல் கிடைக்காது. கையிருப்பு தீர்ந்ததும் மாற்றுப் பேனலுக்குப் பதில் பணம் தருவார்கள், அல்லது வேறு பேனல் தருவார்கள். பெரும்பாலான வாரன்டித் தாள்களில் அதற்கு இடம் வைத்தே எழுதியிருப்பார்கள்.

திவால் கதை வேறு. நீதிமன்றத்தின் வழியாகச் சொத்துகளை வாங்குகிறவர் எந்திரத்தை வாங்கலாம், பெயரை வாங்கலாம், வாடிக்கையாளர் பட்டியலையும் வாங்கலாம். பழைய கடன்களையும் வாரன்டிக் கடமைகளையும் அவர் சேர்த்து வாங்க வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயம் இல்லை. சன்பவர் விஷயத்தில் சில பிரிவுகளை வாங்கிய கம்ப்ளீட் சோலாரியா, 2025-இல் தன் பெயரையே சன்பவர் என்று மாற்றிக்கொண்டது. பலகையில் பழைய பெயர். உள்ளே இருப்பது வேறு நிறுவனம். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பேனல் செய்யும் பிரிவு 2020-லேயே மேக்சியான் என்று தனியாகப் பிரிந்து போயிருந்தது. ஆக, பேனலுக்கு ஒருவர், நிறுவிய வேலைக்கு ஒருவர், இன்வெர்ட்டருக்கு (பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) இன்னொருவர் என்று ஒரே கூரைக்கு மூன்று கதவைத் தட்ட வேண்டிய நிலை. ஒரு கதவு மூடியதற்காக மற்ற இரண்டையும் விட்டுவிடக் கூடாது. இன்வெர்ட்டர் கம்பெனியின் வாரன்டி பெரும்பாலும் தனி. அது பேனல் கம்பெனியோடு மூழ்காது.

மூன்றாவது விதம், கம்பெனி நன்றாகவே இருக்கும், உங்கள் நாட்டிலிருந்து மட்டும் வெளியேறியிருக்கும். அப்போது வாரன்டித் தாளில் கடமையை ஏற்பவராக எந்த நிறுவனத்தின் முழுப் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். முதல் பக்கத்து லோகோ போதாது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் முகவரி வேண்டும். அது தலைமை நிறுவனமாக இருந்தால் நேராக அங்கே எழுதலாம். மூடிப்போன உள்ளூர்க் கிளையாக இருந்தால் சிக்கல்.

25 ஆண்டு என்ற எண்ணை நம்பி உட்காருவது

தாளில் இரண்டு வாரன்டி இருக்கும். ஒன்று பொருளுக்கு: கண்ணாடி, சட்டம் (பிரேம்), பின்பக்கத்தை மூடும் பின்தாள், வயர் வெளியே வரும் ஜங்ஷன் பாக்ஸ் இவற்றில் தயாரிப்புக் குறை இருந்தால். பழைய பேனல்களுக்கு இது 10, 12 ஆண்டுதான். இப்போது 15, 25 என்றும் தருகிறார்கள். இன்னொன்று மின் உற்பத்திக்கு: இத்தனையாவது ஆண்டில் இத்தனை சதவீதத்துக்குக் குறையாது என்பது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

அதன் மதிப்பைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 300 வாட் பேனல். முதல் ஆண்டு 3 சதவீதம் குறையலாம், அப்புறம் ஆண்டுக்கு 0.7 சதவீதம் என்று தாள் சொல்கிறது. 15-ஆம் ஆண்டில் உறுதி செய்த அளவு 87.2 சதவீதம், அதாவது சுமார் 262 வாட். பல தாள்களில் அளவிடும் பிழைக்கென்று 3 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். எனவே 254 வாட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பேச்சே. உங்கள் பேனல் 250 வாட் காட்டுகிறது என்று வையுங்கள். வாரன்டி செல்லும், சரி. ஆனால் ஈடு கிடைப்பது பெரும்பாலும் குறைந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு வாட்டுக்குத்தான். அதையும் கூரையில் மீட்டர் வைத்துக் காட்ட முடியாது. 25 டிகிரி செல் வெப்பநிலை, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி என்ற ஆய்வக நிலையில் அளக்க வேண்டும். கழற்றும் கூலி, அனுப்பும் செலவு, பல நேரம் சோதனைக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். பன்னிரண்டு வாட்டுக்காக யார் இதைச் செய்வார்கள்? கம்பெனி நன்றாக ஓடும்போதே இந்த வாரன்டியால் தனி வீட்டுக்காரருக்குப் பெரிய பலன் கிடையாது என்பது என் கருத்து. எனவே அது போனதற்காக அதிகம் வருந்த வேண்டாம். கவனம் வைக்க வேண்டியது பொருள் வாரன்டியில்தான்.

பணமாகத் தரும்போதும் கழிவு உண்டு. சில தாள்களில் ஆண்டுக்கு 4 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்; 15 ஆண்டில் அறுபது சதவீதம் போய்விடும். வேறு சிலர் அன்றைய சந்தை விலைக்குத் தருவார்கள். பேனல் விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"பின்னால் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது" என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. மியூனிக் ரீ போன்ற நிறுவனங்கள் பேனல் தயாரிப்பாளர்களுக்கு இப்படிக் காப்பீடு கொடுப்பது உண்மைதான். ஆனால் அந்தக் காப்பீடு யாருக்கு என்பதுதான் கேள்வி. வழக்கமாகக் காப்பீடு தயாரிப்பாளருக்கு. அவர் செலவுக்கு அவர் வாங்கியது. அவர் திவாலானால் பயன் நேராக வீட்டுக்காரருக்கு வரும் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

தாள்களை இணையத்தில் கிடக்கட்டும் என்று விடுவது

கம்பெனி மூடினால் இணையதளமும் மூடும். உங்களுக்குச் செல்லுபடியாவது நீங்கள் வாங்கிய ஆண்டின் வாரன்டித் தாள். இன்று தேடினால் கிடைக்கும் புதிய பதிப்பு அல்ல. வாங்கிய உடனே அந்தப் பிடிஎஃப், டேட்டா ஷீட், பில், நிறுவி இயக்கிய தேதிக்கான சான்று இவற்றை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணும் வேண்டும். பின்பக்க லேபிள், கூரையில் ஏற்றிய பிறகு எட்டாது. ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. எந்த எண் எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒரு படமும் வரைந்துவிட்டால் பின்னால் தேட வேண்டியிருக்காது. சில வாரன்டிகளுக்கு இணையப் பதிவு கட்டாயம். கூடுதல் ஆண்டுகள் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்றும் இருக்கும். இன்வெர்ட்டர் ஆப்பில் இருக்கும் உற்பத்திக் கணக்கையும் அவ்வப்போது இறக்கி வையுங்கள். சர்வரை நிறுத்தினால் பழைய கணக்கு எல்லாம் அதோடு போகும்.

திவால் செய்தி வந்த பிறகு சும்மா இருப்பதும் தவறு. கோரிக்கை மனு போடுவதற்கு நீதிமன்றம் ஒரு கடைசித் தேதி வைக்கும். ஏற்கெனவே பழுதான பேனல் இருந்தால் அதற்குள் மனு போட்டுவிட வேண்டும். பிணையில்லாமல் பணம் வரவேண்டியவர்களோடு வரிசையின் கடைசியில்தான் நிற்பீர்கள், கிடைப்பது சொற்பமாகவோ ஒன்றுமில்லாமலோ இருக்கலாம். ஆனாலும் மனு இல்லாதவருக்கு வரிசையே கிடையாது.

விற்றவரையும் மறக்கக் கூடாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் தயாரிப்பாளருக்கு உள்நாட்டில் அலுவலகம் இல்லையென்றால் இறக்குமதி செய்தவரையே சட்டம் தயாரிப்பாளராகக் கருதுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 2 ஆண்டு விற்றவர் பொறுப்பு. எனவே முதல் கடிதம் விற்றவருக்குப் போகட்டும்.

பயந்து கழற்றுவது

கம்பெனி மூடிய செய்தி பேனலுக்குத் தெரியாது. அது வெயில் அடித்தால் மின்சாரம் தரும். ஆனால் இந்தச் சமயம் பார்த்து, "உங்கள் பேனலுக்கு இனி வாரன்டி இல்லை, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்" என்றும், "காசு கட்டினால் வாரன்டியை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்றும் அழைப்புகள் வரும். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டியதில்லை.

உற்பத்தி குறைந்தால் பேனல் செத்தது என்று உடனே முடிவு செய்யவும் வேண்டாம். வழக்கமான 60 செல் பேனலின் ஜங்ஷன் பாக்ஸில் மூன்று பைபாஸ் டயோடு இருக்கும்; பேனலின் ஒரு பகுதி வேலை செய்யாதபோது கரண்டை அதைச் சுற்றி அனுப்புவது இவைதான். நல்ல பேனலைத் தனியாகப் பிரித்து வோல்ட் பார்த்தால் 38 அளவில் காட்டும். 25 அளவில் நின்றால் ஒரு டயோடு ஷார்ட் ஆகி மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பாக்ஸில் சிலிகான் ஊற்றி அடைக்காமல் இருந்தால், விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் சின்ன செலவில் டயோடை மாற்றிவிடுவார். வாரன்டி உயிரோடு இருக்கும் வரை பாக்ஸைத் திறக்கக் கூடாது, திறந்தால் வாரன்டி போகும். கொடுக்க ஆளே இல்லாதபோது அந்தக் கவலை இல்லை. ஸ்ட்ரிங்கில், அதாவது தொடராக இணைத்த பேனல் வரிசையில், நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி ஓடும். இதை நீங்களே மேலே ஏறிச் செய்யாதீர்கள்.

மாறாக, பின்தாள் வெடிப்பை மட்டும் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விடக் கூடாது. 2010-களின் தொடக்கத்தில் பல கம்பெனிகள் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகைப் பின்தாளைப் போட்டன. சில ஆண்டுகளிலேயே அது செல்களுக்கு நடுவே நீளவாக்கில் வெடிக்க ஆரம்பித்தது. வெடிப்பு தெரிவதற்குள், அப்போதைய விலைச் சரிவில் பல தயாரிப்பாளர்கள் காணாமல் போயிருந்தார்கள். இதன் அடையாளம் இன்வெர்ட்டரில் தெரியும்: மழை பெய்த மறுநாள் காலை இன்சுலேஷன் பிழை காட்டி இயங்க மறுக்கும், பேனல் காய்ந்ததும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். "தானாகச் சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். பேனலின் உலோகச் சட்டத்தில் மின்கசிவு என்பதுதான் அதற்கு அர்த்தம். தொட்டால் ஷாக், மோசமானால் தீ. அந்தப் பேனலை மின்சுற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும், வாரன்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கைக்குக் கிடைத்த பேனலை ஓட்டையில் சொருகுவது

ஒன்று போனால் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்றால், பழைய 60 செல் பேனல் சுமார் 1.65 மீட்டருக்கு 0.99 மீட்டர், இன்று பரவலாகக் கிடைப்பது 1.72-க்கு 1.13. அந்த இடத்தில் உட்காராது. உட்கார்ந்தாலும் கரண்ட் பொருந்தாது. பழையது 9 ஆம்பியர் அளவு, புதியது 13, 14. தொடராக இணைத்தால் புதியதும் பழையதன் கரண்டுக்கே இறங்கி ஓடும். கொடுத்த காசில் ஒரு பகுதி வீண். இரண்டு மூன்று பேனல் போய்விட்டால், நல்ல பழைய பேனல்களை எல்லாம் ஒரே ஸ்ட்ரிங்கில் சேர்த்து, புதியவற்றைத் தனி ஸ்ட்ரிங்காக இன்வெர்ட்டரின் இன்னொரு எம்பிபிடி உள்ளீட்டில் (ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலிருந்தும் தனித்தனியே அதிகபட்ச மின்சாரம் எடுக்கும் வழி) கொடுப்பது நல்ல வழி. அந்த உள்ளீடு புதிய பேனலின் கரண்டைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

புதிதாக நிறுவப் போகிறவர்கள் அதே மாடலில் ஒன்றோ இரண்டோ கூடுதலாக வாங்கி, ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இருக்காது. ஏற்கெனவே நிறுவியவர்கள், தங்கள் மாடல் நின்றுபோன செய்தி வந்த உடனே தேடினால் மொத்த வியாபாரிகளிடம் மிச்சம் மீதி கிடைக்கும். பிறகு செகண்ட் ஹேண்டுதான். அதை வாங்கும்போது வோல்ட், ஆம்பியர் இரண்டையும் வெயிலில் வைத்து அளந்து, பின்தாளில் விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் ஒட்டினால் வாங்க வேண்டாம். பழைய வயரோடு புதிய பேனலைச் சேர்க்கும்போது எம்சி4 (பேனல் வயர்களை இணைக்கும் வழக்கமான கனெக்டர்) மாதிரியே இருக்கும் வேறு கம்பெனி கனெக்டரை அதோடு சேர்த்துச் சொருகாதீர்கள். பார்க்கப் பொருந்தும், உள்ளே தொடர்பு சரியாக இருக்காது, நாளடைவில் சூடாகி உருகும். ஒரே கம்பெனியின் ஆண், பெண் கனெக்டர் ஜோடியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.