பிராம்ப்ட் மாறினத பாக்காம என்டர் தட்டாதீங்க

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு கமாண்ட் அடிக்கிற கிளையன்ட்ல ஒரு செலக்ட் (டேட்டா எடுக்குற க்வெரி) அடிச்சு என்டர் தட்டுறோம், ஒண்ணும் வரல, -> னு ஒரு குறி (அதுதான் பிராம்ப்ட்) மட்டும் நிக்குது. ஹேங் ஆயிடுச்சு போலன்னு அதே க்வெரிய திருப்பி அடிச்சு, இந்தவாட்டி மறக்காம செமிகோலன் போட்டா சின்டாக்ஸ் எரர். அந்த எரர் ரெண்டாவது செலக்ட்டத்தான் கைகாட்டும், அதுல தப்பே இருக்காது, அதையே உத்து உத்து பாத்துட்டு இருப்போம். ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒரே க்வெரியா போயிருக்கு, அவ்ளோதான். செமிகோலன் வர்ற வரைக்கும் கிளையன்ட் சர்வர் கிட்ட எதையும் அனுப்பாது, -> னா "இன்னும் முடிக்கல, சொல்லு"ன்னு அர்த்தம்.

இதுல நெஜமான ஆபத்து என்னன்னா, -> ல மாட்டினவங்க வெளிய வர்றதுக்குன்னு ஒரு செமிகோலன் போட்டு தட்டுறது. அது கேன்சல் இல்லங்க, ரன் பண்ணு! மேல பாதியில விட்டது, எந்த வரிசைன்னு சொல்ற வேர் (WHERE) இல்லாத டெலீட்டா இருந்தா டேபிளே காலி. வேணாம்னா பேக்ஸ்லாஷ் போட்டு சின்ன சி அடிங்க. அப்புறம் சேஃப் அப்டேட்ஸ் ஆப்ஷனோட கிளையன்ட்ட ஓபன் பண்ணா கீ காலத்த (key column) வச்சு வேரோ, இல்ல லிமிட்டோ இல்லாத அப்டேட், டெலீட்ட விடாது. அதுக்கு இன்னொரு பேரு 'ஐ ஆம் எ டம்மி', பேர பாத்து கூச்சப்படாதீங்க, நான் எப்பவும் போட்டுத்தான் வேலை பாப்பேன்.

'> வந்தா கதை வேற, எங்கயோ ஒரு கோட்ட (quote, மேற்கோள் குறி) மூடாம விட்டிருக்கீங்க. இப்ப செமிகோலன் போட்டாலும், அந்த பேக்ஸ்லாஷ் சி அடிச்சாலும், க்விட் அடிச்சாலும் எல்லாமே ஸ்ட்ரிங்குக்குள்ள போற வெறும் எழுத்துதான். மொதல்ல கோட்ட மூடுங்க, அப்புறமா கேன்சல் பண்ணுங்க. "> , `> ரெண்டும் இதே மாதிரிதான்.

போஸ்ட்கிரெஸ்னு இன்னொரு டேட்டாபேஸ், அதோட கிளையன்ட் பிராம்ப்ட்லயே இன்னும் நெறைய சொல்லும், நாமதான் பாக்குறதில்ல. கடைசில # இருந்தா சூப்பர்யூசரா (எல்லா அனுமதியும் உள்ளவரா) உள்ள இருக்கீங்க, > இருந்தா சாதா யூசர். நடுவுல * வந்தா டிரான்ஸாக்ஷன் (கமிட் அடிச்சாத்தான் சேவ் ஆகுற வேலை) ஓபன்ல இருக்கு, அப்படியே விண்டோவ மூடினா செஞ்சது எல்லாம் ரோல்பேக், அதாவது ரத்து. ! வந்தா அந்த டிரான்ஸாக்ஷன்ல ஏதோ ஃபெயில் ஆயிடுச்சு, இனிமே எந்த க்வெரி குடுத்தாலும் எரர்தான், கமிட் அடிச்சாலும் பதிலுக்கு ரோல்பேக்னுதான் வரும், அந்த ஒரு வார்த்தைய படிக்காம சேவ் ஆயிடுச்சுன்னு எழுந்து போறவங்கதான் ஜாஸ்தி.

ரிசல்ட் படிக்கிறதுலயும் இப்படி ஒண்ணு இருக்கு. அப்டேட் பண்ணா மைஎஸ்க்யூஎல் 'மேட்ச்டு 1, சேஞ்ச்டு 0'ன்னு சொல்லும், வேர் தப்பா போச்சோன்னு பயந்துராதீங்க, ஏற்கனவே அதே வேல்யூதான் உள்ள இருந்திருக்கு. போஸ்ட்கிரெஸ்ல அதே அப்டேட்டுக்கு 1னுதான் வரும். அங்க நல்லும் (NULL, வேல்யூவே இல்லாதது) வெத்து ஸ்ட்ரிங்கும் டிஸ்ப்ளேல ஒரே மாதிரி காலியாத்தான் தெரியும், பேக்ஸ்லாஷ் பிசெட் வச்சு நல்லுக்கு ஒரு அடையாளம் குடுத்துட்டா கொழப்பம் இல்ல.