பள்ளி நூலகத்தைப் பொதுப் பட்டியலில் சேர்ப்பது எப்படி? பீரோவிலிருந்து தொடங்குங்கள்

பாபநாசத்தில் ஒரு பிள்ளை தேடுகிற புத்தகம் அய்யம்பேட்டைப் பள்ளியின் பீரோவில் சும்மா கிடக்கலாம். அது அங்கே இருக்கிறது என்று இங்கே தெரிய வேண்டும், அதற்குத்தான் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரே பட்டியலில் தேடுகிற நூலக வலையமைப்பு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்று 1931-லேயே விதி எழுதி வைத்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர், அதை நாம் இன்னும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, பீரோவைக் காலி செய்து இருப்புப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம், ஈரம் ஏறிய தாள்கள் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும். தை பிறந்து வெயில் வரட்டும். கரையான் அரித்ததைத் தனியாக வையுங்கள். இல்லாத புத்தகத்தைப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

அடுத்து எக்செல். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சர்வதேச அடையாள எண்), பதிவேட்டு எண், இவ்வளவு போதும். தட்டச்சு தொடங்கும் முன்பே ஐஎஸ்பிஎன் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 13 இலக்க எண் 9.78E+12 என்று சுருங்கி நிற்கும். 2007-க்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்கம்தான் இருக்கும், பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் அதுவும் இருக்காது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

இப்போது எழுத்து. இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். யாராவது முன்பே பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பட்டியல் இருந்தால் அதை அப்படியே ஏற்றக் கூடாது, வேறு கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள். அப்புறம் ஔகாரம். 'மௌனம்' என்று ஒருவர் சரியாக அடிப்பார், இன்னொருவர் ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்து 'மெளனம்' என்று வைத்திருப்பார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொல். எங்கள் பட்டியலில் இப்படி ஒளிந்திருந்தவற்றைத் தேடித் திருத்தவே ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

ஆசிரியர் பெயரும் அப்படித்தான். மயிலாடுதுறைப் பக்கத்துக்காரரான கல்கியை ஒரு பள்ளி 'கல்கி' என்றும், இன்னொரு பள்ளி 'ரா. கிருஷ்ணமூர்த்தி' என்றும், மூன்றாவது இரண்டையும் சேர்த்தும் எழுதினால் தேடலில் மூன்று பேராக வந்து நிற்பார். எல்லாப் பள்ளியும் உட்கார்ந்து ஒரே வடிவத்தை முடிவு செய்து, ஒரு பெயர்ப் பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கூட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டுகிற பார்கோடு எண் வலையமைப்பு முழுக்க எங்கும் இரட்டிக்கக் கூடாது. ஒரே ஒன்றியம் என்றால் பள்ளியின் யுடைஸ் எண்ணில் (அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் தருகிற அடையாள எண்) கடைசி 5 இலக்கத்தை முன்னால் போட்டு, பின்னால் பதிவேட்டு எண்ணைச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஒரே மாவட்டத்தில் ஒன்றியம் தாண்டினால் கடைசி 7 இலக்கம்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. நியூசிலாந்தில் 1999-ல் உருவாக்கத் தொடங்கிய கோஹா இலவசம், தமிழ் யூனிகோடும் எடுத்துக்கொள்ளும். அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நூல் விவரம் வேறு, பிரதி வேறு. புத்தகத்தை ஏற்றும் முன் தேடிப் பாருங்கள். அதே பதிப்பை வேறு பள்ளி ஏற்கெனவே ஏற்றியிருந்தால் புதிதாக எழுதாமல், அதன் கீழ் உங்கள் பிரதியை மட்டும் சேருங்கள்.

புத்தகம் ஊர் விட்டு ஊர் எப்படிப் போகும்? வட்டார வள மையக் கூட்டத்துக்கு எப்படியும் ஆசிரியர்கள் போய்த்தானே ஆக வேண்டும், ஒரு துணிப்பையில் எடுத்துப் போய் அங்கேயே கை மாற்றிக்கொள்ளலாம். எத்தனை நாள் தவணை, தொலைந்தால் யார் பொறுப்பு என்பதை மட்டும் தலைமை ஆசிரியர்கள் கையெழுத்தோடு முன்பே எழுதி வாங்குங்கள்.

முதல் 50 புத்தகம் ஏறியதும் நிறுத்துங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, பிடித்த புத்தகத்தைத் தேடச் சொல்லிவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவள் தட்டுகிற எழுத்தில் கிடைக்காத பெயர்களையெல்லாம் குறித்துத் திருத்திவிட்டு, 51-ஆவதை எடுங்கள்.